ஆணி அடிக்காத பலகை

என் கணவர் பசறையில் த்ரீவீல் ஓட்டுகிறவர். முகம் எப்போதும் மழமழவென்று இருக்க வேண்டும் அவருக்கு. அவர் தாடி வைத்தால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். எங்கள் ஆட்களில் மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முகம் வழிக்கமாட்டான். பிள்ளை பிறந்த பிறகுதான் கத்தி முகத்தில் படும். அதனால் நாங்கள் வாய் திறக்கவே வேண்டியதில்லை. அவருடைய தாடி அரும்பியதும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

அது அவர் வைத்த மூன்றாவது தாடி. முதல் இரண்டு தடவையும் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவையும் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அடுத்த நாள் அவர் முகம் வழித்துக்கொண்டு வந்து நின்றார். இனி எதற்குத் தாடி என்று மாமியார் சொல்லியிருப்பார், அவரும் செய்திருப்பார். அவர் மேல் என்ன குற்றம்? ஆனாலும் அந்த வழித்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் ரொம்ப நாள் அந்த முகத்தைப் பார்க்காமலேதான் சோறு போட்டேன்.

மூன்றாவது தடவை, நடக்கவே கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நான் தோட்டத்துப் பிள்ளைக் காமராவில் வேலை செய்தவள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனால் அவர்களுடைய பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. நாள் முழுக்க யாராவது ஒரு பிள்ளை இடுப்பில் இருக்கும். திடீரென்று கை இரண்டும் சும்மா கிடந்தன.

ஜன்னலோரம் கட்டில். காலையில் நமுனுகுல மலை தெரியும். பத்து மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கி மலையை மூடிவிடும், பிறகு தேயிலையை, பிறகு எதிர் லயத்தை. ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள் யாரோ பிள்ளையைக் கூப்பிடுவார்கள், யாரோ பீப்பாயில் தண்ணீர் பிடிப்பார்கள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே விளங்காது. வயிற்றுக்குள் இருப்பதும் இப்படித்தான் வெளியே கேட்டுக்கொண்டு கிடக்கும் போல என்று நினைத்துக்கொள்வேன்.

நான் மாசமாவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் பதுளைக் கடைவீதியில், பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று வாங்கி வந்திருந்தார். போனில் யாரோ வெள்ளைக்காரன் அதில் முகம் வழிப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஆசை. கத்தி வீட்டுக்கு வந்த நேரம், தாடியும் வந்துவிட்டது. கத்தி பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. "கத்தி வாங்கின சாமியார்" என்று நான் அவரைக் கேலி செய்வேன்.

ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து அந்த வீடியோவை எனக்கும் காட்டினார். வழிப்பதற்கு முன்னால் அந்த வெள்ளைக்காரன், தோல் ஒட்டிய ஒரு பலகையில் கத்தியை இப்படியும் அப்படியும் இழுத்தான். சரக், சரக் என்று தூக்கம் வரவழைக்கும் சத்தம்.

"இந்தப் பலகைய நான் செய்றேன்" என்றேன்.

"படுத்திருக்கச் சொன்னா படுத்திரு."

"படுத்துக்கிட்டேதான் செய்யப் போறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவை வழிச்ச முகத்தோட ஆஸ்பத்திரிக்கு வந்துறாதீங்க. பிள்ளை வீட்டுக்கு வந்தப்புறம், என் கண்ணு முன்னாடி, இந்தப் பலகையில தீட்டுன கத்தியிலதான் வழிக்கணும்."

"பிள்ளை..." என்று ஏதோ ஆரம்பித்தார். பிறகு, "சரி" என்றார். வேறென்ன சொல்வார்?

அடுத்த கிளினிக்குக்குப் போன அன்று த்ரீவீலைக் கடைவீதிக்கு விடச் சொன்னேன். செருப்புத் தைக்கும் தோல் விற்கும் முஸ்லிம் கடைக்காரரை நாங்கள் நானா என்போம். அவர் வெளியே வந்து, வண்டிக்குள் சாய்ந்து கிடந்த என்னைப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, செருப்புத் தைக்கப் போறீங்களா?"

"இல்ல நானா. இவரு தாடியை வழிக்க."

நானா என் கணவரின் தாடியைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், சிரித்துவிட்டார். கையில் எடுத்திருந்த தோலை வைத்துவிட்டு உள்ளே போய், அடியில் கிடந்த ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். ஒரு தழும்பு, ஒரு சுருக்கம் இல்லை. "அப்படின்னா இதுதான் சரி" என்றார்.

பசறையில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவரிடம் ஒரு முழத்துக்கும் குறைவான பலாத்துண்டு கிடைத்தது. ஒரு நுனியைப் பிடிப்பதற்கு வாகாக ஒடுக்கி அறுத்துக் கொடுத்திருந்தார். மிச்சம் என் வேலை. உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். பிறகு சேன்ட் பேப்பர். பலாவின் மஞ்சள் தூள் போர்வையெல்லாம் கொட்டியது. தேய்க்கத் தேய்க்கப் பலகை வழுவழுவென்று ஆகி, கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தது. சில நாள் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

தோலைப் போத்தலால் உருட்டித் தட்டையாக்கி, செருப்புப் பசை தடவி ஒட்டினோம். ஓரம் நிற்காமல் கிளம்பியது. அவர் நான்கு குட்டி ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். ஒரே ஒரு தட்டு. குசினிக்குள்ளிருந்து மாமியார் அகப்பையோடு ஓடி வந்தார்.

"சூலி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கிறியா? புத்தி எங்கடா போச்சு?"

அவர் சுத்தியலைக் கட்டிலுக்கடியில் போட்டார். நானும் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டேன். இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால், மற்ற நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். இரண்டைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு வராது. பலகையில் விழுந்த அந்த ஒரு பள்ளத்தை மாமியார் பார்க்காத நேரத்தில் தடவித் தடவிப் பார்த்தேன். ஆணி இறங்கவில்லை, முனை பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆணிப் பேச்சே இல்லை. த்ரீவீல் டியூப்பை வாராக அறுத்து வந்து, திரும்பப் பசை தடவி, பலகையையும் தோலையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினார். மாமியார் அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தார். பிரித்தபோது தோல் பலகையோடு பலகையாகப் பிடித்திருந்தது. நான் ஆசை தாங்காமல் நல்லெண்ணெயைத் தாராளமாகப் பூசிவிட்டேன். தோல் ஊறிப்போய்ப் பொரித்த அதிரசமாகிவிட்டது. காய்வதற்குள் சரஸ்வதி பூசை வந்தது. மாமியார் த்ரீவீலுக்கும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைத்த கையோடு, பிஸ்கட் டின்னில் இருந்த சவரக்கத்திக்கும் வைத்தார். தீட்டுப்பலகையையும் விடவில்லை. தோலின் நட்டநடுவில் திருநீற்றுப் பட்டை, அதன் மேல் பெரிய குங்குமப் பொட்டு. எண்ணெயில் குங்குமம் இறங்கிவிட்டது. எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

"தோலுக்குப் போயி பொட்டு வச்சிருக்கீங்களே, மாமி."

"இருந்துட்டுப் போகுது. அதுவும் ஆயுதந்தானே."

கத்தியை என் கையில் தரமாட்டார்கள். அதனால் கோடு போடும் அடிமட்டத்தை வைத்துப் பழகினேன். தோலில் படுக்கவைத்து இழுப்பேன், முதுகுப்பக்கமாகப் புரட்டுவேன், திரும்ப இழுப்பேன். சரக், சரக். வெளியே மூட்டம். அந்தச் சத்தத்துக்கு உள்ளே பிள்ளை உதைக்கும். நிறுத்தினால் அதுவும் நிறுத்தும். மெய்யோ பிரமையோ, நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம்.

வலி முன்கூட்டியே வந்துவிட்டது. மழையில் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். ஆப்பரேஷன். மகள் என்றார்கள். ஒரு கை அளவுதான் இருந்தாளாம். குறைமாதப் பிள்ளைகளை வைக்கும் அறைக்கு உடனே எடுத்துப் போய்விட்டார்கள். என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியவில்லை. கேட்டால் எல்லாரும் "பயப்படாதீங்க" என்றார்கள். அதைத்தான் முந்திய இரண்டு தடவையும் சொன்னார்கள்.

அதனால் நான் யாருடைய வாயையும் நம்பவில்லை. பார்வை நேரத்துக்கு மணி அடித்ததும் கதவையே பார்ப்பேன். முதல் நாள் தாடி வந்தது. மூச்சு விட்டேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் எல்லாருடைய ஆட்களும் வந்து உட்கார்ந்த பிறகும் அவரைக் காணவில்லை. கடைசியில் வந்தார். மழைக்கு மங்கி கேப் போட்டிருந்தார். அதற்குக் கீழே பெரிய மாஸ்க். கண் இரண்டும் மட்டும்தான் தெரிந்தன. அவை சிவந்திருந்தன.

நான் கையை ஊன்றி எழப் பார்த்தேன்.

"கழட்டுங்க" என்றேன்.

"என்னாத்த?"

"மாஸ்க்க கழட்டுங்க!"

கத்தியிருக்கிறேன் போல. வார்டே திரும்பிப் பார்த்தது. அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவசர அவசரமாக மாஸ்க்கை இழுத்துக் கீழே விட்டார். நசுங்கிச் சுருண்டு, பாதி நனைந்து, தாடி இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவளுக்கென்ன தெரியும்?

"பிள்ளைகிட்டதான் நின்னேன்" என்றார். "கண்ண முழிச்சுப் பார்த்துச்சு. விட்டுட்டு வர மனசு வரல." சொல்லும்போதே அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

மார்கழியில் மகள் வீட்டுக்கு வந்தாள். பேசியபடி அன்றே வழித்திருக்க வேண்டும். நான்தான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் எடை போடட்டும் என்றேன். பிறகு சளி போகட்டும் என்றேன். அவர் பொறுமையாகச் சொறிந்துகொண்டு திரிந்தார். தை பிறந்தது. கிளினிக்கில் எடை நன்றாக இருக்கிறது என்று சொன்ன அன்று, எனக்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை.

முன்வாசல் இஸ்தோப்பில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் தூணில் சாய்த்துவைத்தார். தாடியைக் கத்தரிக்கோலால் குறைத்துக்கொண்டார். நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தேன். குங்குமப் பொட்டின் மேலாகக் கத்தி போய் வந்தது. சரக், சரக். அழுதுகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் காலை ஒரு உதை உதைத்தாள். பழைய உதைதான். எனக்குத் தெரியாதா?

இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். மாமியார் படிகாரம் தேடி ஓடினார். துவாயால் துடைத்துவிட்டு அவர் முகத்தைத் தூக்கினார். வெளுத்துப்போன, அதே முகம். மகளை வாங்குவதற்குக் கையை நீட்டினார்.

அவள் பார்த்தாள். பிறந்ததிலிருந்து தாடியைத் தவிர வேறு முகம் பார்க்காதவள். உதடு பிதுங்கியது. வீறிட்டுக்கொண்டு என் நெஞ்சுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளைத் திருப்பி அவர் பக்கம் பிடித்தேன்.

"பாருடி, அப்பாதான்" என்றேன். "நல்லாப் பாரு. நானும் பார்க்கிறேன்."