கல்லில் விட்ட இடம்

பிள்ளைகளே, ரண்டர்ஸ் ஊரில் இருக்கிற உங்கள் பெரியப்பா மகள் அக்காவின் கலியாணக் கார்ட் ஏன் அவ்வளவு பிந்தி வந்தது என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். சாப்பாட்டு மேசையில் கேட்டபடியால், "பிறகு சொல்லுறன்" என்று சோற்றைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். எனக்கு வாயால் சொல்ல வராது. எழுதினால் கொஞ்சம் வரும். மகள், நீ எழுத்துக்கூட்டி வாசித்து, தம்பிக்கு டெனிஷில் சொல்லிவிடு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அப்படியே விட்டுவிடு.

கார்ட் பிந்தியது ஒரே ஒரு சொல்லால். நம்முடைய கார்ட்டில் பொம்பிளையின் தகப்பன் பெயருக்கு முன்னால் "திரு" என்று போடுவார்கள். ஆள் உயிரோடு இல்லை என்றால் "அமரர்" என்று போடுவார்கள். உங்கள் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்று எவருக்கும் தெரியவில்லை.

பெரியம்மாவும் அக்காவும் முன்னால் டென்மார்க் வந்தவர்கள். அக்கா அப்போது கைக்குழந்தை. என் அண்ணன், உங்கள் பெரியப்பா, பின்னால் வருவதாக இருந்தது. பிறகு வன்னிப் பாதை மூடப்பட்டது. கடைசிச் சண்டையில், கடற்கரையோரம் ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சண்டை முடிந்து, இறப்புச் சான்றிதழ் தருகிறோம் என்று அங்கே சொன்னார்கள். பெரியம்மா வாங்கவில்லை. செத்தது தெரிந்தால் எங்கே, எப்படி என்று சொல்லட்டும், தெரியாவிட்டால் எதற்குப் பத்திரம் என்று கேட்டார்.

கலியாணம் பேசி முற்றாகிய பிறகு பெரியம்மா எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்: "தம்பி, நீங்களும் பிள்ளையின்ர சித்தியும்தானே தாரைவார்த்துக் குடுக்கப் போறியள். கார்ட்டையும் நீங்களே பாருங்கோ. என்னைக் கேக்காதேங்கோ."

கார்ட் அடிக்கிறவர் டோஸ்ட்ருப்பில் இருக்கிறார். என் வேலை நேரத்தில்தான் அவர் போன் எடுப்பார். நெசவாலைத் தறிகளின் இரைச்சலுக்குள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நான் கதைப்பேன்.

"அண்ணை, எல்லாம் ரெடி. அந்த ஒரு இடம்தான். திருவோ அமரரோ?"

"கொஞ்சம் பொறுங்கோ."

"போன கிழமையும் பொறுக்கச் சொன்னனீங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்னைத் துளைச்சு எடுக்கினம். அண்ணை, நான் கேக்கிறது பெரிய கேள்வியே? ஆள் இருக்கிறாரோ இல்லையோ?"

அவரில் பிழையில்லை. அவருக்கு அது அரை அங்குல இடம்.

அதே நாட்களில்தான், மகள், உன்னுடைய கிம்னாசியப் பள்ளிக்கூடத்துப் பெரிய கட்டுரை வந்தது. முதலாம் உலக யுத்தமும் டென்மார்க்கின் தெற்கு யூலன்டுப் பகுதியும் என்று தலைப்பு எடுத்திருந்தாய். யுத்தத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், எங்களுடையதைப் பற்றிக் கேட்கப் போகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. "தெற்கில ஒரு சேர்ச்சுக்குக் கொண்டு போறீங்களா?" என்று மட்டும் கேட்டாய். கிழமை முழுக்க விடிய வேலை, சனிக்கிழமை என்றால் எனக்குப் படுக்கை. ஆனாலும் ஓம் என்றேன்.

எங்கள் ஹேர்னிங்கில் இருந்து கோல்டிங் வரையும் நீ ஹெட்போனோடு இருந்தாய். கோல்டிங் தாண்டியதும் அதைக் கழற்றிவிட்டு, "அப்பா, இப்ப நாங்கள் ஜெர்மனிக்குள்ள வந்திட்டம்" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்போர்ட் கூடக் கொண்டு வரவில்லை.

"பயப்பிடாதீங்கோ. அப்ப. நூறு வருசத்துக்கு முதல்" என்று சிரித்தாய்.

பிறகு டெனிஷில் நீ சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கில் டென்மார்க் சண்டையில் தோற்று, இந்தப் பக்கத்து மண்ணைப் பறிகொடுத்தது. நிலத்தோடு சனமும் போனது. அவர்கள் வீட்டில் டெனிஷ் கதைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்தார்கள். ஐம்பது வருடம் கழித்துப் பெரிய யுத்தம் வந்தபோது, ஜெர்மன் அரசன் கூப்பிட்டான், போக வேண்டி வந்தது. எல்லைக்கு வடக்கே இருந்த டென்மார்க் நடுநிலை என்று சொல்லிவிட்டது. ஒரே குடும்பத்தில் வடக்கே இருந்தவன் வயலைப் பார்த்தான். தெற்கே இருந்தவன் பிரான்சில் பதுங்கு கிடங்குக்குள் கிடந்தான். ஆறு ஒன்றுதான் நடுவில்.

"டென்மார்க் அப்ப சும்மா இருந்ததோ?" என்று கேட்டேன்.

"சும்மா இல்லை. ரெண்டு பக்கத்துக்கும் சாமான் வித்தது. டின் இறைச்சி. கழிவு எல்லாம் போட்டு அடைச்சு வித்து, பணக்காரரா வந்த ஆக்களுக்குப் பட்டப்பேரும் இருக்கு."

"எல்லா இடமும் ஒண்டுதான்" என்றேன். நீ அதையும் குறித்துக்கொண்டாய். கட்டுரையில் போட்டாயோ தெரியாது.

எனக்கு ஒன்று மனதில் நின்றது. சண்டை என்றால் ஆள் ஆளைச் சுடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ சொன்னது வேறு. முதலில் ரயில் அட்டவணை. எந்தப் பெட்டியில் எத்தனை பேர், எந்த ஸ்டேஷனில் எப்போது என்று வருடக்கணக்காக மேசையில் இருந்து போட்டு வைத்திருந்தார்களாம். அட்டவணை ஓடத் தொடங்கிய பிறகு அரசர்களாலும் நிற்பாட்ட முடியவில்லையாம். பிறகு தொழிற்சாலைகள். ஆண்கள் கிடங்குக்குள் போக, பெண்கள் இரவு பகலாக மாறி மாறி நின்று குண்டுகளை நிரப்பினார்கள். தறி இரைச்சலில் நின்று நின்று காது மந்தமானவனுக்கு அது உடனே விளங்கியது. அது ஷிப்ட் வேலை. மெஷின் நிற்கக்கூடாது என்பதற்காக ஆட்களைக் கொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருந்த வேலை. வெர்டன், சோம் என்ற பிரான்ஸ் போர்க்களங்களில் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்காக மாதக்கணக்காக அதைச் செய்தார்கள். மண்ணைக் குண்டால் அவ்வளவு தரம் உழுதால் ஆளைத் தேடி எடுக்க முடியாது. அதனால்தான் அந்த யுத்தத்தில் அவ்வளவு பேர் "காணவில்லை" என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காணாதவைக்கு என்ன செய்தவை?" என்று கேட்டேன்.

"கோர்ட் நியூஸ் பேப்பரில விளம்பரம் போடும். இந்தத் திகதிக்குள்ள வந்து முகம் காட்டு, இல்லாட்டி நீ செத்ததா எழுதுவம் எண்டு."

"ஆருக்குப் போடுறது? செத்தவனுக்கோ?"

"ஓம். அவனுக்குத்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கக்கூடாத விஷயம்தான்.

சேர்ச் சின்னது, வெள்ளை. உள்ளே போக எனக்குத் தயக்கம். சுற்றிவரக் கல்லறைகளோடு சவக்காலை. வீட்டுக்குப் போனதும் அம்மா குளிக்காமல் உள்ளே விடமாட்டார் என்று நினைத்தேன். அப்படியேதான் நடந்தது. இரண்டு பேரையும் உடுப்புத் தோய்க்கிற அறை வாசலால் கூப்பிட்டு, தண்ணீர் தெளித்துத்தான் விட்டார்.

யுத்தத்தில் செத்த ஊர் ஆட்களுக்கு நட்ட அந்த நினைவுக்கல் உனக்கு நினைவிருக்கும். பெயர், விழுந்த இடம், வருடம். அவ்வளவுதான். எதற்காகச் செத்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. நான் கேட்டதற்கு, எழுத முடியவில்லை என்றாய். யுத்தம் முடிந்ததும் இங்குள்ள சனத்திடம் வாக்கெடுத்தார்கள், எந்த நாட்டோடு இருக்கப் போகிறீர்கள் என்று. இந்தப் பக்கம் டென்மார்க் என்றது, கீழே ஃபிளென்ஸ்பேர்க் பக்கம் ஜெர்மனி என்றது. எல்லையை இழுத்துக் கீழே வைத்தார்கள். அப்போதுதான் கல் நட்டார்கள். ஜெர்மன் உடுப்போடு செத்தவர்களுக்கு டெனிஷ் கொடியின் கீழ் கல். நாட்டுக்காக என்று எழுதினால், எந்த நாடு?

கல்லில் ஓர் இடத்தில் ஒரு வரி இல்லை. மேலே ஒரு பெயர், கீழே ஒரு பெயர், நடுவில் வெறும் கல். தேய்ந்தது என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தேன். வழவழ என்று இருந்தது. அங்கே கல்லறைகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த பெண் களைக்கொத்தோடு வந்தார்.

"அது வெட்டவே இல்லை" என்றார். "அந்தத் தாய் விடவில்லையாம். மகனைக் காணவில்லை என்றுதான் கடதாசி வந்ததாம், செத்தான் என்று வரவில்லையாம். அதனால் இடத்தை மட்டும் விட்டு வைத்தார்கள்."

"பிறகு?"

"பிறகு என்ன, அந்த மனுசி போய்ச் சேர்ந்துவிட்டார்."

"மகனுடைய பெயர் என்ன?"

அவர் தோளைக் குலுக்கினார். "தெரியாது. எனக்கு முன்பு இங்கே வேலை செய்தவருக்கும் தெரியாது. இடம் விட்ட கதை மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது." பழைய பதிவுகளில் தேடலாம் என்று நீ சொன்னாய். அவர் களை பிடுங்கப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் நீ நித்திரை. எனக்கு ஒரு யோசனை வந்தது, பெரிய கெட்டித்தனமான யோசனை என்றும் பட்டது. திருவும் வேண்டாம், அமரரும் வேண்டாம். பெயரை மட்டும் அடிப்போம். முன்னால் இடத்தை விடுவோம். அந்தத் தாய்க்குச் செய்தது போல.

ஞாயிற்றுக்கிழமை தனியாக ரண்டர்ஸுக்குப் போனேன். பெரியம்மா வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த கையோடு, யூனிபோர்மும் மாற்றாமல் கதிரையில் இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தது. நெற்றியில் பொட்டு, எப்போதும் போல. தேத்தண்ணி போட எழும்பினார். இருங்கோ அண்ணி என்று நானே போட்டேன்.

கல்லின் கதையை முழுக்கச் சொன்னேன். கோர்ட் விளம்பரத்தைச் சொன்னபோது, "விசர்ச் சனம்" என்றார். இடம் விட்டதைச் சொன்னபோது கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்ல மனுசர். இடம் விட்டவை எல்லே."

"அதுதான் அண்ணி, நாங்களும் அப்பிடிச் செய்வம். பேரை மட்டும் போடுவம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பெடியன்ர பேர் என்னவாம்?"

"தெரியாதாம்."

"ஒருத்தருக்குமோ?"

"ஒருத்தருக்கும்தான்."

மிச்சத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, நாளைக்கு என்ன கறி என்று சொல்வது போலச் சொன்னார்.

"அமரர் எண்டே போடுங்கோ, தம்பி."

"அண்ணி, நான் அதுக்குச் சொல்லேல்ல…"

"எனக்குத் தெரியும். நீங்கள் என்ர மனம் நோகக்கூடாது எண்டு ஓடி ஓடித் திரியிறியள். மொட்டையாப் பேரை விட்டா, கலியாண ஹோல் வாசல்ல நிண்டு ஒவ்வொருத்தரும் என்னைக் கேப்பினம். ஏன் ஒண்டும் போடேல்ல, ஏதும் தெரிய வந்ததோ எண்டு. இவ்வளவு வருசமும் மறுமொழி சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். இடம் விட்டா ஆரும் பிறகு நிரப்ப மாட்டினம். அந்த மனுசிக்கு நடந்ததைப் பாத்தீங்கள்தானே. நான் இருக்கேக்கையே நிரப்பிப்போட்டுப் போறன்."

அவரே திரும்பவும்,

"ஆனா பொட்டை எடுக்க மாட்டன். மணவறையடியிலையும் பொட்டோடதான் நிப்பன். ஐயர் ஏதும் முணுமுணுத்தா நீங்கள் கதையுங்கோ."

"ஐயரை நான் பாக்கிறன்."

"வேற ஆரும் கதைச்சா?"

"அவையளையும் பாக்கிறன்."

"உங்களால அவ்வளவு பேரையும் ஏலாது" என்று கொஞ்சம் சிரித்தார். பிறகு கால்களைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக் கண்ணை மூடினார். கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை டோஸ்ட்ருப்புக்குப் போன் எடுத்து, அமரர் என்றேன். "அப்பாடா" என்றார் அவர். பிறகு என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தி, "நான் அண்டைக்குக் கேட்டதைக் குறையா எடுக்காதேங்கோ அண்ணை" என்றார். இல்லை என்றேன். கார்ட் வந்தது. நீங்கள் பார்த்தீர்கள்.

இன்னும் ஒன்று. போன வருடம் வீட்டு ஹோலுக்குப் பெயின்ட் அடித்தபோது, மகள், படங்களைத் திரும்ப மாட்டியது நீ. அப்பப்பா அப்பம்மாவின் படங்களுக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன லைட் எரிகிற சுவரில், பெரியப்பாவின் படத்தையும் ஒரு புது ஆணி அடித்து மாட்டிவிட்டாய். எல்லாம் ஒரே குடும்பம்தானே என்று நினைத்திருப்பாய். அம்மா கத்திய கத்தலில் நீ அழுதுவிட்டாய். அது செத்தவர்களின் சுவர் என்று உனக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கே படத்தைக் கழற்றி, டீவிக்கு மேலே, உங்களுடைய பள்ளிக்கூடப் படங்களுக்கு நடுவில் பழையபடி மாட்டினோம்.

கார்ட் வந்த பின்னேரம், நீங்கள் ஒருவரும் வீட்டில் இல்லை. வேலைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு ஏறிப் பெரியப்பாவின் படத்தைக் கழற்றினேன். கண்ணாடியில் தூசி இருந்தது, சேர்ட் நுனியால் துடைத்தேன். மற்றச் சுவரில் நீ அடித்த ஆணி அப்படியே இருந்தது. அதில் மாட்டினேன். கொஞ்சம் சரிந்து நின்றது, நிமிர்த்திவிட்டேன்.