முதலில் பெயிண்ட் கேட்டவர்

தேவாரம் ஊரைச் சேர்ந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், தன் அப்பாவின் பழைய அம்பாசிடரைத் தேனியில் என் டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுவந்தார். பேச்சுக்குப் பேச்சு கார்க் கண்ணாடியில் பார்த்துத் தலைவாரிக்கொள்வார்.

காரின் தரைத்தகடு துருவேறி அப்பளமாக இற்றுப்போயிருந்தது.

"துருவை வெட்டி வெல்டிங் வைக்கணும்ணே. அப்புறம் பட்டி பூசித் தேய்ச்சு, பிரைமர் அடிக்கணும். பெயிண்ட் கடைசிலதான்" என்றேன்.

"முதல்ல பெயிண்ட் அடிப்பா. ஞாயித்துக்கிழமை தம்பி துபாய்ல இருந்து வாரான். அவன் என்ன, குனிஞ்சு அடியிலயா பார்க்கப் போறான்?"

பவுடர் பூசிக்கொண்டு குளிக்கப் போகிறவரிடம் என்ன பேசுவது? முடியாது என்றேன். வேறு பட்டறையில் பெயிண்ட் அடித்துக்கொண்டார்.

மறுவாரம் புது நீலத்தில் கார் திரும்பி வந்தது. கோம்பைக்குப் போகும் வழியில் தகடு உடைந்து, தம்பியின் கால் ரோட்டில் உரசிவிட்டதாம். குதிகாலில் ஆறு தையல்.

"பெயிண்ட் கெடாம வெல்டிங் வை" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

"சூட்டுல பெயிண்ட் கொப்புளம் விட்டுரும்ணே. தம்பி என்ன சொன்னாக?"

"அப்பா கார் அப்படியே இருக்குன்னு அழுதுட்டான்ப்பா. பத்து வருசமா எங்கிட்டப் பேசாதவன்."

அழுதது கால் உரசுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவரை முட்டாள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். முன்புபோல உரக்கச் சொல்ல வரவில்லை.