மஞ்சு அக்கா வண்டியின் நாலாவது போல்ட்

மஞ்சு அக்கா இறந்துவிட்டார். நேற்று மதியம், ஆஸ்பத்திரியில். மாரடைப்பு.

நம் ஃபேஸ்புக் பேஜில் என்ன வீடியோ போட்டாலும் முதல் ஆளாக வந்து மூன்று தீ எமோஜி போடுவாரே, கொரட்டூர் ஜெராக்ஸ் கடை அக்கா... அவர்தான்.

செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. ஒரு போல்ட் ஞாபகம் வந்தது.

ஏனென்றால், நெஞ்சு வலி வந்ததும் அவரை ஏற்றிக்கொண்டு போனது அவருடைய சொந்தக் காரில். ஏழு மாதம் முன்னால் அந்தக் காருக்கு ஸ்பார்க் பிளக் மாற்றியது நான். வேலையை முழுசாக முடிக்காமல் விட்டதும் நான்.

முதலில் இருந்து சொல்லிவிடுகிறேன்...

ஆதார் நகல் எடுக்க அவர் கடைக்குப் போயிருந்தேன். என் போனில் ஓடிய வீடியோவை எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இரும்புக்குப் பல்லு புடுங்கினு கீறான்?"

"பல்லு இல்லக்கா, ஸ்பார்க் பிளக். என்ஜினுக்குள்ள தீப்பொறி குடுக்கிற சாமான். நானே மாத்துவேன்."

"மெக்கானிக்கா நீ?"

"ஐடி கம்பெனிக்கா. இதெல்லாம் யூடியூப் பாத்துக் கத்துக்கினேன்."

"அய்ய... சரி, என் வண்டிய மாத்து பாக்கலாம். மேடு ஏறசொல்ல விக்கல் எடுத்துகினு கீது."

அதுவரை யாருமே சொந்த வண்டியை நம்பி என்னிடம் கொடுத்ததில்லை! அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வீட்டு வாசலில், ஃபேஸ்புக் லைவ்.

அந்த என்ஜினில் நான்கு பிளக். ஒவ்வொரு பிளக் மேலும் அதற்குக் கரன்ட் கொடுக்கும் ஒரு காயில், ஒவ்வொரு காயிலையும் பிடித்து வைக்க ஒரு சின்ன போல்ட். மூன்று சுலபமாக வந்துவிட்டன. நாலாவது... முழுக்கத் துரு.

துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட வேண்டும். பிறகு கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். அதைப் பற்றி நானே ரீல் போட்டிருக்கிறேன்!

ஆனால் லைவில் ஆட்கள் காத்திருந்தார்கள். "பாஸ் தூங்கிட்டாரா?" "பைப்பு போட்டு இழு மாமே!"

ஸ்பேனரில் பைப்பை மாட்டினேன். ஒரே இழுப்பு.

டக்.

தலை என் கையில். உடம்பு என்ஜினுக்குள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாடா, வந்துச்சா?"

"பாதி வந்துச்சுக்கா..."

"மீதி இன்னா, அடுத்த எபிசோடா?"

என் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று போனைப் பிடுங்கினார். "அல்லாரும் போய் அவங்கவங்க ஊட்ல கொயம்பு வைங்க!" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு லைவை நிறுத்தினார்.

பிளக் நான்கையும் மாற்றிவிட்டேன். நாலாவது காயிலை மட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையால் இழுத்துக் கட்டினேன். "ஒரு வாரந்தான்க்கா... வந்து அந்தத் துண்டை எடுத்துடுறேன்."

ஆபீஸில் ரிலீஸ், காய்ச்சல், மழை... ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மை என்னவென்றால், உடைந்த துண்டை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது. பயம்.

எப்போது கேட்டாலும், "வண்டியா? சூப்பரா கீதுடா" என்பார். எனக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு தப்பித்துவிடுவேன்.

கட்டு அறுந்து காயில் தூக்கிக்கொண்டால் வண்டி உதறும். மேட்டில் நின்றுகூடப் போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மேம்பாலம் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் இதை நினைத்துக்கொண்டேதான் அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டில் அந்தக் கார். அதன் பக்கம் திரும்பாமல் உள்ளே நுழைந்தேன்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், அண்ணனூர் ரயில் ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், என் கையில் சாவியைக் கொடுத்தார். "ஐஸ் பெட்டி வண்டி வரணும்ப்பா. கார கொஞ்சம் தள்ளி உட்டுட்டு வா."

ஒரே ஸ்டார்ட். உதறல் இல்லை, விக்கல் இல்லை.

பக்கத்துத் தெருவில் நிறுத்தினேன். மனசு கேட்கவில்லை... பானட்டைத் திறந்தேன்.

கேபிள் டை இல்லை. நாலாவது இடத்தில் புது போல்ட்.

திரும்ப ஓடினேன். "மாமா, அந்த போல்ட்டு..."

"அதுவா? மறுநாளே அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு லேத்து பட்டறைக்கு எடுத்துகினு போய்ட்டா. ஒடஞ்ச துண்டு மேல ஒரு நட்டு வெச்சு, வெல்டிங் அடிச்சு, திருப்பி எடுத்துட்டாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லலாம்னேன், எங்க உட்டா? 'புள்ள ஏற்கெனவே லைவ்ல அசிங்கப்பட்டுகினு கீறான், இத்தயும் சொன்னா இனிமே ஸ்பேனரையே தொட மாட்டான்'னா."

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப..." அவருக்குப் புரிந்துவிட்டது.

"வண்டி எங்கயும் நிக்கல நைனா. நான்தான் மேம்பாலத்துல மெதுவா ஓட்டுறேன்னு திட்டிகினே வந்தா. ரெண்டு நாள் நல்லாத்தான் பேசினு இருந்தா. ரெண்டாவது அட்டாக்... டாக்டருங்க பக்கத்துலயேதான் இருந்தாங்க."

அப்போதுதான் அழுதேன். சத்தமாக, அத்தனை பேர் நடுவில்.

சாவு வீட்டில் நின்றுகொண்டு நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் விட்டேன்...

இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். கொரட்டூர் பக்கம் இருப்பவர்கள் வந்துவிடுங்கள்.

போய் வாங்க அக்கா. வண்டி பக்கத்துத் தெருவில், வேப்பமர நிழலில் நிற்கிறது. சாவியை மாமாவிடம் கொடுத்துவிட்டேன்.