சிப்பாய் குடித்த புளித்தண்ணீர்

போருக்குப் போய்த் திரும்பிய யப்பான்காரர்கள் எழுதிய புத்தகங்களை மூன்றாகப் பிரிக்கலாம் என்பாள் என் யப்பான் சிநேகிதி. அழுகிறவை, பொய் சொல்லுகிறவை, சாப்பாட்டைப் பற்றியவை. "என் அப்பாவுடையது மூன்றாவது" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். நாங்கள் அப்போது நெஞ்சளவு தண்ணீரில் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்போம்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட்டில் வயது போனவர்களுக்கான தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பில்தான் அவளைப் பழக்கம். எங்கள் சிரிப்பைத் தாங்காமல் பயிற்சி சொல்லித்தரும் பிள்ளை எங்களை இரண்டு மூலைக்குப் பிரித்துவிட்டாள். அது பலிக்கவில்லை. மூலைக்கு மூலை முகத்தைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்து மூக்குக்குள் தண்ணீர் போய்விடும்.

வகுப்பு முடிந்து கோப்பி குடிக்கும்போது, அப்பா சொந்தக் காசில் அச்சடித்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து எனக்கு ஆங்கிலத்தில் சொல்லுவாள். பர்மாக் காட்டில் ஆற்றோடு காற்சட்டையைப் பறிகொடுத்த மேலதிகாரி, இடுப்பில் வாழையிலையோடு படையைப் பார்வையிட்ட கதையில் நான் கோப்பியைக் கொட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பசிதான். வெற்றியைப் பற்றி ஒரு வரி கிடையாது. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது.

ஒருநாள் சிரிக்காமல் ஒரு பக்கத்தை வாசித்தாள். காய்ச்சலில் விழுந்தவரை அவருடைய ஆட்கள் தண்டவாளக் கரையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ரயில் பாதை போட யப்பான் படை மலாயாத் தோட்டத்திலிருந்து பிடித்து வந்த தமிழன் ஒருவன், தகரப்பேணியில் எதையோ கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கிறான். கறுப்பு நிறம், புளிப்பு, உறைப்பு. 'காதுமடல் வியர்த்தது. எழுந்து நடந்தேன்' என்று எழுதியிருந்தார். அந்தப் பாதையில் செத்த எங்கள் சனம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒருவன் இவரைப் பிழைக்கவைத்திருக்கிறான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு புதுவருசமும் உப்பில் ஊறிய பிளம்ஸ் பழத்தையும் மிளகையும் அவித்துக் குடித்துப் பார்த்து, "கிட்ட வருகிறது, ஆனால் இது இல்லை" என்று தொட்டிக்குள் ஊற்றிவிடுவாராம். அவளும் சின்ன வயதில் அதை ருசி பார்த்திருக்கிறாள்.

"திங்கட்கிழமை எனக்குத் தொண்டையில் கதிர்ச் சிகிச்சை தொடங்குகிறது" என்றாள். "நாக்கில் ருசி போய்விடும், முழுதாய்த் திரும்புமோ தெரியாது என்கிறார்கள். அதற்கு முதல் எனக்கு அப்பா குடித்தது வேணும். சரியானது வந்தால் கண்டுபிடித்துவிடுவேன்."

சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

உதவிக்குப் பக்கத்து ஊரான ஸ்ரௌவ்விலிலிருந்து என் மச்சாள் சட்டிபானையோடு வந்து இறங்கினாள். நான் ரசம் என்றேன். அவள் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் என்றாள்.

"பர்மாவில ஒடியலுக்கு எங்க போறது?" என்றார் என் கணவர்.

"அதுக்காக வீட்டுக்கு வாற ஆளுக்கு வெறும் புளித்தண்ணியோ குடுக்கிறது? றாலாவது போடுங்கோ அண்ணி."

கடைசியில் நான்கு அடுப்பிலும் நான்கு சட்டி. கூழ், சொதி, பருப்பு ரசம், தாளித்த மிளகு ரசம். அவள் வந்து ஒவ்வொன்றாகக் குடித்தாள். "அருமை" என்பாள், "இது இல்லை" என்பாள், உடனே சிரிப்பாள். தோற்கத் தோற்க எங்களுக்கும் வெறி பிடித்தது. பெருங்காயம், வறுத்த தூள், தேசிக்காய் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டோம். குசினி முழுக்கப் புகை. புகை மணி அலற, நெருப்பணைக்கும் வண்டி வந்தால் அவர்களுக்கும் ஒரு கோப்பை கூழ் கொடுக்கலாம் என்று மச்சாள் சொல்ல, நாங்கள் மூவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

துவாயால் புகையை விசிறிக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "அந்தத் தோட்டத்து ஆளிட்ட உப்பு இருந்திருக்குமோ?"

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினாள். இரண்டு அத்தியாயங்களுக்கு முன்னால் இருந்தது: முகாமில் ஒருவரிடமும் உப்பில்லை, வியர்வையை நக்கினோம்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. வருத்தக்காறிக்கு உந்தத் தண்ணியைக் குடுப்பியளோ?" என்று மச்சாள் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் அவளேதான் புளியைக் கரைத்தாள். செத்தல் மிளகாய், இடித்த மிளகு, தண்ணீர். வேறொன்றும் இல்லை.

சிநேகிதி ஒரு மிடறு குடித்தாள். இன்னொன்று. கை மெல்லக் காதுக்குப் போனது. காதுமடலைத் தொட்டு விரலைப் பார்த்தாள். நனைந்திருந்தது. இருமலும் கண்ணீரும் சிரிப்புமாய் எழுந்து நின்றாள். மச்சாள் கைதட்டினாள். நான் துள்ளினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

பாதிக் கோப்பையில் அவள் நிறுத்தினாள்.

"அந்தப் பக்கத்தின் கடைசி வரியை உனக்கு நான் வாசிக்கவில்லை" என்றாள். "'வெறும் பேணியைத்தான் திருப்பிக் கொடுத்தேன். அன்று அவனும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.'"

கோப்பையை என்னிடம் நீட்டினாள். இன்னொருவர் வாய் வைத்ததைக் குடிக்கக்கூடாது என்று எச்சில் பார்த்து வளர்ந்தவள் நான். வீட்டில் செம்புத் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்போம். அவள் உதடு பட்ட இடத்திலேயே வாய் வைத்து மிச்சத்தைக் குடித்தேன். வாயில் வைக்க முடியாத ரசம். சட்டியில் இன்னும் இருக்கிறதா என்று மச்சாளிடம் கேட்டேன்.