திருப்திப் பெட்டி

வாசுகிக்குக் கோபம் வந்தால் மேசையைத் துடைப்பார். மூன்று மாதமாக அந்த மேசை பளபளவென்று இருக்கிறது.

மலேசியாவில் கூலிம் பக்கத்தில், தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் கம்பெனி ஒன்றில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. பக்கத்து ஊரான லூனாஸிலிருந்து ஷிப்டுக்குப் போகும் பெண்கள் போன் போட்டு, பஸ் வரவில்லை, ஏர்கான் ஒழுகுகிறது என்பார்கள். வாசுகி நோட்டில் எழுதி, எது அவசரமோ அதை முதலில் பட்டறைக்கு அனுப்புவார். போன தீபாவளியோடு முதலாளி புவனேசன் அந்த நோட்டை மூடிவிட்டார். இப்போது எல்லாரும் ஆப்பில் எழுத வேண்டும். பழைய குறைகளை ஆயிரக்கணக்கில் படித்துக் கற்றுக்கொண்ட இயந்திரம் ஒன்று புதியவற்றை வரிசைப்படுத்தும். மேலே இருக்கும் பத்தைத்தான் பட்டறை தொடும். அந்தப் பத்தை அச்சடித்துக் கொடுப்பதுதான் இப்போது வாசுகியின் உத்தியோகம்.

இயந்திரம் யாரிடம் பாடம் படித்ததோ, திட்டினால்தான் அதற்குக் காது கேட்டது. பஸ்ஸில் போடும் பாட்டு பிடிக்கவில்லை என்று நாலு கெட்ட வார்த்தையோடு எழுதினவனுக்கு முதலிடம். பிரேமாவதிக்கு இருநூற்றுப் பதினோராவது இடம்.

பிரேமாவதி லூனாஸ்காரர். ஏழாம் நம்பர் பஸ்ஸில் முன்கதவை ஒட்டி உட்காருபவர். அவர் எழுதியிருந்தது இதுதான்:

"வணக்கம். உங்கள் பஸ் சேவை மிகவும் நன்று. டிரைவர் அண்ணன் தங்கமானவர். கடவுள் உங்கள் எல்லாரையும் நன்றாக வைக்க வேண்டும். முன்கதவு மட்டும் வளைவில் தானாகத் திறந்துகொள்கிறது. முடிந்தால் பாருங்கள். நன்றி."

ஐந்து நட்சத்திரம் வேறு.

ரப்பர் தோட்டத்து மானேஜருக்கு மனு எழுதியே பழகிய குடும்பங்களுக்கு இப்படித்தான் எழுத வரும். மூன்று வரி புகழ்ந்த பிறகுதான் விஷயம். நட்சத்திரத்தைக் குறைத்தால் டிரைவர் பிழைப்பில் மண்ணைப் போட்டதாகிவிடுமே என்ற பயமும் உண்டு. இயந்திரம் அதைத் 'திருப்தி' என்ற பெட்டியில் போட்டு, பாராட்டுக்கு நன்றி என்று பதிலும் அனுப்பியது. பதில் வந்ததே பெரிது என்று பிரேமாவதி அடுத்த வாரம் இன்னும் பணிவாக எழுதினார். வரிசையில் இன்னும் கீழே போனார்.

யாரும் திறக்காத அந்தத் திருப்திப் பெட்டியை வாசுகி திறந்து படித்தார். மேசையை இரண்டு தடவை துடைத்தார். நேரே புவனேசன் அறைக்குப் போனார்.

"பாஸ், மெஷின் நல்லா வேலை செய்யுது. நமக்கு எவ்ளோ நேரம் மிச்சம். ஏழாம் நம்பர் கதவ மட்டும் ஒரு தடவ பாக்கச் சொன்னா நல்லாருக்கும்."

"நல்லது லா, அக்கா," என்றார் புவனேசன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "லிஸ்ட்ல வந்தா பாப்பாங்க."

இப்படி மூன்று தடவை. செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நாலாவது வாரம் பிரேமாவதி மறுபடி எழுதினார். சேவை நன்று. கதவு திறந்ததில் படியில் சரிந்துவிட்டேன். கடவுள் புண்ணியத்தில் பக்கத்துப் பெண் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தோளில் மட்டும் அடி. டிரைவரை ஒன்றும் சொல்ல வேண்டாம். நன்றி.

ஐந்து நட்சத்திரம். திருப்தி.

வாசுகி தன் கைப்பேசியை எடுத்தார். பத்தொன்பது வருடம் பிறர் வாயிலிருந்து கேட்டுச் சேர்த்த அத்தனை வசவையும் ஏழாம் நம்பர் கதவின் மேல் கொட்டினார். ஒரே நட்சத்திரம். ஒரு நிமிடத்தில் முதலிடம். பத்து மணிக்கு பஸ் பட்டறையில் நின்றது. கதவின் தாழ்ப்பாள் தேய்ந்து போயிருக்கிறது, இன்னும் இரண்டு நாள் ஓடியிருந்தால் யாராவது ரோட்டில் விழுந்திருப்பார்கள் என்றார் மெக்கானிக்.

புவனேசன் காகிதத்தை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாத்தீங்களா அக்கா, மெஷின் எப்படிப் புடிச்சிருக்குன்னு. ஆனா எழுதுன ஆளோட வாயப் பாருங்க. யாரு லா இது?"

"நான்தான்."

புவனேசன் முகம் மாறியது. "ஏன்கா, என்கிட்ட நேரா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"மூணு தடவ வந்து சொன்னேன் பாஸ்."

"நீங்களா? மெஷின் நல்லாருக்குன்னுதானே மூணு தடவையும் சொன்னீங்க."

வாசுகி பதில் சொல்ல வாயைத் திறந்தார். 'நீங்க சொல்றதும் சரிதான் பாஸ், ஆனா' என்பதுதான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"கதவுன்னு சொன்னேன்," என்றார்.