பிளக் யார் பையில் இருந்தது

ராஜமாணிக்கம் அண்ணன் போன செய்தி வந்தபோது நான் பண்ருட்டியில், ஒரு பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் ஏழுமலை. பக்கத்து வடக்குத்து ஊர்க்காரன், எங்கள் இருவரோடும் நெய்வேலிச் சுரங்கத்தின் மின்பிரிவில் இருந்தவன். "ஓட்ட, அண்ணன் போயிட்டாரு. காலையில டீ குடிச்சிகினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாரு" என்றான். செத்தது அவர். அந்தச் செய்தியிலும் நான் ஓட்டைதான்.

என் பெயர் சங்கரபாண்டியன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக நெய்வேலிக்கு வந்தவன். அந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்தது, மனிதர் வாயில் மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக நான் ஓட்டை பாண்டி. இந்த ஊரில் அதை அறியாத பிளாக் கிடையாது. ஏன் அந்தப் பெயர் என்ற கதையும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சொன்னவர் ராஜமாணிக்கம் என்பதால் நம்பினீர்கள். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன். இந்தத் தடவை கதையை நான் சொல்கிறேன்.

அவருடைய பெருமையை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. ஃபோர்மேனாக அவர் இருந்த ஷிஃப்டுகளில் ஒருவருக்கும் கரண்ட் அடித்ததில்லை. நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டில் ஆள் இறங்கி வேலை செய்ய வேண்டுமென்றால், லைனின் ஃபியூஸை அவரே பிடுங்குவார். அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, காக்கிச் சட்டையின் இடது பையில் வைத்துப் பொத்தானை மாட்டிக்கொள்வார். வேலை முடிந்து கடைசி ஆள் மேலே வந்த பிறகுதான் பொத்தான் திறக்கும். "ஃபியூசு எவன் பையில இருக்குதோ, அவன்தான் அந்த லைனுக்கு முதலாளி. ஜெனரல் மேனேஜரே வந்தாலும் கையக் கட்டிகினு நிக்கணும்" என்பார். ஒருமுறை அவசரப்பட்ட ஓர் அதிகாரியை அப்படியே அரை மணி நேரம் நிற்க வைத்தார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வேலையைத் தொடங்கலாம் என்பதற்கு அவர் "கிளியர்" என்று சொன்னால் நாங்கள் மறுபடி சரிபார்ப்பதில்லை. பார்த்தால் அவரைச் சந்தேகிப்பதாக அர்த்தம். அந்தப் பழக்கத்தையும் சேர்த்து மனதில் வையுங்கள்.

அண்ணன், ஏழுமலை, நான் மூன்று பேரும் சேர்ந்து கடலூரிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்தோம். சுரங்கத்துத் தண்ணீர் போய்ச் சேரும் ஏரியொன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிப்போம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் ஏழுமலைக்கு மாமன் முறை. படகின் பின்பக்கம் அடியில் விரல் நுழையும் அளவு ஒரு துளை இருக்கும். கரையில் கிடக்கும்போது மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக அது. அதை அடைக்கும் பித்தளைத் திருகை நாங்கள் பிளக் என்போம். கரைக்கு வந்ததும் அதைக் கழற்றி, படகுக்குள்ளேயே ஒரு நூலில் கட்டித் தொங்கவிடுவோம். படகைத் தண்ணீரில் இறக்கும் முன் திருகிவிட்டுப் பார்ப்பது என் வேலை.

ஒரு ஞாயிறு அவருக்கு டியூட்டி. நானும் ஏழுமலையும் மட்டும் போய்விட்டோம். கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது. அதில் பாதியை அவர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினோம். மறுநாள் கேன்டீனில் அவர் கேட்டது ஒன்றுதான். "நான் இல்லாம படகு தண்ணியில எறங்குமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த ஞாயிறு மூவருமாகப் போனோம். ஏழுமலை பெட்ரோல் கேனை எடுத்து வரக் கரைமேல் போயிருந்தான். நான் பிளக்கைப் பார்க்கக் குனிந்தேன். "போட்டாச்சி. கிளியரு. தள்ளு பாண்டியா" என்றார் அண்ணன். குனிந்தவன் நிமிர்ந்துவிட்டேன். என் தப்பு அதுதான், அது மட்டும்தான். அவர் பொய் சொன்னார் என்றும் நான் சொல்லவில்லை. போட்டுவிட்டதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

ஏரி நடுவில் பின்பக்கம் கனத்தது. எஞ்சின் முக்கி நின்றது. பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் எழும்பி வந்து, எங்கள் சாப்பாட்டுத் தூக்கு மிதந்தது. ஏழுமலை குதித்து நீந்திவிட்டான். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலைமுடியைப் பிடித்து அவரைக் கரைவரை இழுத்து வந்தவன் நான். என் தோளில் அவர் நகம் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காட்டுகிறேன். கரையில் குப்புறக் கிடந்து, தண்ணீரை வாந்தியெடுத்து, மூச்சு வந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை: "பிளக்க போட மறந்துட்டியேடா, பாவி."

ஏழுமலை என்னைப் பார்த்தான். "நீங்கதானே அண்ணே கிளியர்னு சொன்னீங்க" என்றேன். "நானா? நான் எங்கடா சொன்னேன்" என்றார். அவர் ஃபோர்மேன், நான் அவருக்குக் கீழே. நடுங்கிக்கொண்டு கிடக்கும் மனிதரிடம் அதற்குமேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை. நான் செய்த இரண்டாவது தப்பு அது.

பிறகு கேன்டீனில் கதை வளர்ந்தது. முதல் வாரம் நான் பிளக்கை மறந்தேன். அடுத்த மாதம், பிளக் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. அடுத்த வருடம், ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு நான் அழுதேனாம், அண்ணன்தான் என்னைக் காப்பாற்றினாராம். அவர் சொல்லும் அழகுக்கு, கூடவே இருந்த ஏழுமலை உட்பட, ஷிஃப்டே விழுந்து விழுந்து சிரித்தது. பம்ப் ஹவுஸ் பொறுப்புக்கு என் பெயர் வந்தபோது, "படகு ஓட்டையவே மூடல, வால்வ மூடுவானா?" என்று யாரோ கேட்டார்களாம். அதற்கும் சிரித்தார்களாம். பொறுப்பு வேறொருவருக்குப் போனது.

அதையும் பொறுத்தேன். பொறுக்க முடியாதது என் மகள் கல்யாணத்தில் நடந்தது. மேடையேறி வந்தவர், மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தி வீட்டார் எதிரிலேயே முழுக் கதையையும் சொன்னார். "மாப்ள, மாமனார் வூட்டுக்குப் போனா குழாய நீங்களே மூடிட்டு வாங்க" என்று முடித்தார். மைக் பக்கத்தில் இருந்தது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் இலைக்கு நான்தான் பாயசம் ஊற்றினேன். அன்றிலிருந்து ஒரு நாளுக்காகக் காத்திருந்தேன். அது இப்படி வரும் என்று நினைக்கவில்லை.

சுடுகாட்டில் பால் தெளித்த மறுநாள் சரோஜா அண்ணி கூப்பிட்டனுப்பினார். அண்ணனின் மனைவி, அதிகம் பேசாதவர். ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை என் முன் வைத்தார். "கரண்டு சாமானா இருக்குது, உங்களுக்குத்தாங்க தெரியும்" என்றார். டெஸ்டர், இரண்டு ஃபியூஸ், கறுத்துப்போன ஒரு பித்தளைத் திருகு. திருகில் எங்கள் படகின் நூல் துண்டு அப்படியே இருந்தது. அதனோடு ஒரு சிவப்பு அட்டை: "ஆள் வேலையில் உள்ளார். இயக்காதே." கீழே அவர் கையெழுத்து.

நாங்கள் அவரை விட்டுவிட்டுப் போன அந்த ஞாயிறுக்குப் பிறகு, அதே வாரத்தில் அவர் தனியாக ஏரிக்குப் போயிருக்கிறார். ஃபியூஸைப் பிடுங்குவது போலவே பிளக்கைக் கழற்றி, அட்டை கட்டி, காக்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டியிருக்கிறார், இனி அவரில்லாமல் படகு இறங்கக் கூடாதென்று. ஞாயிற்றுக்கிழமை வேறு சட்டையில் வந்தார், மறந்துபோனார். திங்கட்கிழமை காக்கியை மாட்டும்போது அது கைக்குத் தட்டுப்பட்டிருக்கும். அன்று காலை அவர் என்னிடம் வந்திருக்கலாம். வராமல் கேன்டீனுக்குப் போனார். கதையை முதல் தடவையாகச் சொன்னார்.

"இத அப்பப்ப எடுத்து வெச்சி பாத்துகினு இருப்பாருங்க. என்னான்னு கேட்டா உள்ள வெச்சிடுவாரு" என்றார் அண்ணி. நான் சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன். அந்த மனிதர் இத்தனை வருடம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே என்று எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்காதீர்கள். வரவில்லை. தூக்கிப் போட முடியாதவருக்கு வாயை மூடவாவது முடிந்திருக்கும்.

"இதக் கூட்டத்துல வாசிச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே அண்ணி" என்றேன். அவர் டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். "படிங்க பாண்டி. அந்தக் கல்யாணத்துல உங்க பொண்ணு மூஞ்சிய நானும் பாத்துகினுதான் இருந்தேன்" என்றார்.

நண்பர்களே, அவர் படத்துக்கு மாலை போடுங்கள், நானும் போடுவேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பிளக்கை மட்டும்தான். அட்டையை அவிழ்க்கவில்லை. ஏழுமலையோ வேறு யாரோ என்னை இனி ஓட்டை என்று கூப்பிட்டால் பைப் பொத்தானைத் திறந்து காட்டுவேன். எவன் பையில் இருக்கிறதோ அவன்தான் முதலாளி என்பது அவர் வைத்த சட்டம். இப்போது அந்தப் பிளக் என் சட்டையின் இடது பையில் இருக்கிறது.