மிஷினுக்கு ஒரு பங்கு

ஃப்ளோரா யாரையும் மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை. திருவொற்றியூரில் என் லேத் பட்டறைக்கும் அவளுடைய வெல்டிங் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அந்தத் தகரம் வழியாகத்தான் எனக்குப் பொழுது விடியும். கரண்டு போனால் திட்டுவாள், கம்பி துருப்பிடித்து வந்தால் திட்டுவாள், மாதா கோயில் ஸ்பீக்கர் கரகரத்தால் பாதிரியாரையே திட்டுவாள். ராயபுரத்துக்காரி. அப்பன் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்தவன். அவன் செத்தபோது அவளுக்கு விட்டுப்போனது ஒரு வெல்டிங் கண்ணாடியும் அந்த வாயும்தான்.

நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிற புஷ்பவல்லியின் வீட்டுச் சுவர் ஒரு மழைக்குச் சரிந்துவிட்டது. அங்கே பல வீடுகளுக்கும் அதே கதிதான், உப்புக்காற்று செங்கல்லைத் தின்றுவிடும். அனல்மின் நிலையத்துச் சாம்பலோ இலவசமாகத் தலையில் கொட்டுகிறது. அதையே கல்லாக அடித்துக் கட்டலாமே என்று குப்பத்துப் பெண்கள் சேர்ந்து, கல் அழுத்துகிற கை மிஷின் ஒன்றைக் கடன் பட்டு வாங்கினார்கள். கொஞ்ச நாளில் சாம்பல் உரசி உரசிக் கல் அச்சு தேய்ந்தது. கைப்பிடியும் முறிந்தது. ஃப்ளோரா போய்ப் பற்றவைத்துக் கொடுத்தாள்.

விற்ற கம்பெனிக்காரன் வந்து குதித்தான். "யாரைக் கேட்டு இதுல கை வெச்சீங்க? எங்க ஆளுங்க மட்டும்தான் தொடணும். கியாரண்டி போச்சு. புது அச்சும் எங்ககிட்டதான் வாங்கணும், வெளிய எங்கயும் கிடைக்காது."

அவன் சொன்ன விலைக்கு இன்னொரு பழைய மிஷினே வாங்கிவிடலாம்.

"மிஷினு உன்னுது, மூக்குல போற சாம்பலு மட்டும் எங்குளுதா?" என்றாள் ஃப்ளோரா. "நல்லா கீதுடா உங்க நாயம்!"

அந்தக் கோபம் ஆறவே இல்லை. எந்த வெல்டரும் சந்தையில் கிடைக்கிற இரும்பை வைத்துச் செய்யக்கூடிய மிஷின் ஒன்றைத் தானே செய்வது, அதன் அளவுப் படத்தை ஊர் உலகத்துக்கே திறந்து விடுவது என்று கிளம்பிவிட்டாள். எண்ணூரில் டிராயிங் போடுகிற தீபன் என்கிற இன்ஜினியர் கூடச் சேர்ந்தான். இன்டர்நெட்டில் வீடியோ போடலாம், பிடித்தவர்கள் முடிந்ததைக் கொடுப்பார்கள், வேலை முடிந்ததும் படம் எல்லோருக்கும் பொது என்றான். மற்றவர்கள் இப்படிக் கேட்கும்போது கும்பிட்டுக் கேட்பார்கள். இவள் வீடியோ முழுக்கத் திட்டினாள். அதனாலேயே அது பரவியது. கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று முகம் தெரியாத ஊர்களிலிருந்து காசு வந்தது. குப்பத்துப் பெண்களும் மீன் விற்ற காசில் மிச்சம் பிடித்ததைப் போட்டார்கள். ஃப்ளோரா அங்கே போய் மைக்கைப் பிடித்து, "இது என் மிஷினு இல்ல. துட்டு குட்த்த அத்தினி பேருக்கும் இதுல பங்கு கீது!" என்று கத்திவிட்டு வந்தாள்.

நெட்டில் காசு போட்டவர்களுக்கு அது ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். குப்பத்தில் அப்படி இல்லை. படகு கரைக்கு வந்தால் ஆளுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். பங்குக்காரர்களைக் கேட்காமல் படகை விற்க எவனுக்கும் தைரியம் வராது.

முதலில் செய்த மிஷின் ஃப்ளோராவின் தாடையைப் பெயர்க்கப் பார்த்தது. இரண்டாவதில் வந்த கல் தூக்கும்போதே உதிர்ந்தது. "நீ கடைஞ்ச பின்னு பல்லு குத்தத்தான் ஒதவும் மாமு" என்று என்னைத் திட்டினாள். ஒரு வழியாகக் கல் நின்றது. சுத்தியலால் அடித்தும் உடையவில்லை.

நின்ற வாரமே தீபன் ஒரு பெரிய கம்பெனி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். முழுப் படம் இன்னும் நெட்டில் ஏறவில்லை. ஏற்றாமல் அவர்களிடம் கொடுத்துவிட்டால் வேறு யாரும் செய்ய முடியாதபடி அவர்கள் பேரில் பதிவு செய்துகொள்வார்களாம். காசு போட்டவர்களுக்கு முழுசாகத் திருப்பிவிடலாமாம். ஃப்ளோராவுக்குப் புதுப் பட்டறை, தீபனுக்கு வேலை. தீபன் திருடன் இல்லை. சம்பளம் இல்லாமல் ராப்பகலாக உழைத்தவன், வீட்டில் கஷ்டம். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடப் பொறுக்காதது, ஊரையே திட்டுகிற ஃப்ளோரா அந்த ஆளைத் திட்டாததுதான். நான் குப்பத்துக்குப் போன் போட்டேன்.

புஷ்பவல்லி மீன் கூடையைக்கூட இறக்காமல், நாலு பெண்களோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இன்னா ஃப்ளோரா, படகை விக்கிறியாமே? பங்குக்காரங்கள ஒரு வார்த்த கேட்டியா?"

"அக்கா, இது படகு இல்ல" என்றான் தீபன். "நீங்க குடுத்தது நன்கொடை. சட்டப்படி இதுல பங்குன்னு ஒண்ணும் கிடையாது." அவன் சொன்னது சரிதான்.

புஷ்பவல்லி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மைக்குல பங்குன்னு சொன்ன வாயி உன்னுதா, இல்ல வாடகைக்கு எடுத்தியா?" என்று ஃப்ளோராவைக் கேட்டாள்.

பேச்சுவாக்கில் சொன்னேன் என்று ஃப்ளோரா தப்பித்திருக்கலாம். முகம் சிவந்துவிட்டது.

"என்னுதுதான்" என்றாள். தீபன் பக்கம் திரும்பினாள். "படத்த இப்பவே ஏத்து. ஒரு கோடு வுடாம."

கம்பெனி ஆள் சிரித்தான். "ஏத்தினா நாங்களும் அதையே பாத்து செய்வோம். தெரியும்ல?"

"செஞ்சிக்கோ. ஆனா நாளைக்கு எவளப் பாத்தும் கை வெக்காதன்னு சொல்ல முடியாதுல்ல? போ."

தீபன் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தான்.

இப்போது நெட்டுக்குப்பத்தில் அடிக்கிற கல்லில் ஆளுக்கு ஒரு பங்கு, மிஷினுக்கு ஒரு பங்கு. மிஷின் பங்குக் கல்லை விற்றுத்தான் அச்சு மாற்றுகிறார்கள். புஷ்பவல்லி சுவர் எழுப்பிவிட்டாள். தீபனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஃப்ளோரா அதே ஒழுகுகிற பட்டறையில்தான் இருக்கிறாள். அந்தக் கம்பெனி சொன்னபடியே செய்தது. அதே மிஷினுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறது.

போன வாரம் அப்படிப் பத்துப் பதினைந்து பச்சை மிஷின் ஏற்றிய லாரி, கன்டெய்னர் நெரிசலில் எங்கள் பட்டறை வாசலில் மாட்டிக்கொண்டது. ஃப்ளோரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தாள். கல்லை எடுத்து அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, ஒரு கைப்பிடியின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள்.

"டேய் டிரைவரு! இன்னாடா வெல்டு இது, எச்சி துப்பி ஒட்டுனாப்புல கீது? படத்துல ரெண்டு பக்கமும் பத்தவெக்கச் சொல்லிக் கீதில்ல? இத்த நம்பி ஒருத்தி கைய வெப்பாளேடா!"

டிரைவர் எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்தான். அவள் இறங்கவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பி, வெல்டிங் ஒயரை நீட்டி எடுத்து வரச்சொல்லி என்னைப் பார்த்துக் கத்தினாள். லாரிக்கு முன்னால் நின்ற வண்டிகள் நகரத் தொடங்கியிருந்தன.